மயிலின் கண்ணில் எட்டு மூலை

தோகையில் ஒன்பது கண்கள் இருந்தன. ஒன்பதும் வட்டமாக இருக்க வேண்டியவை. ஒவ்வொன்றிலும் எட்டு மூலைகள் இருந்தன. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், மூன்று முறையும் எட்டுதான். ஒரு கண்ணிலாவது ஏழோ ஒன்பதோ வந்திருந்தால் ஒட்டியவர் கையில் பிசகு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எழுபத்து நான்கு வயதில் வெயிலில் நின்று மூலை எண்ணுவது எனக்கும் விருப்பமான வேலையில்லை.

அந்த மயில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. வண்டி நின்றது நாமக்கல்லில் என் மகளின் ஸ்டிக்கர் கடை வாசலில். திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். தினமும் பத்து மணிக்குக் கடைக்குப் போய் ஒன்றரைக்குத் திரும்புவேன். அங்கே எனக்கு வேலை எதுவும் கிடையாது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினை நடத்தும் மென்பொருளை நான் எழுதினேன், அவ்வளவுதான். மகள் அந்த மெஷினை வாங்கியபோது எழுதிக் கொடுத்தது. பதினொரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியின் சொந்தக்காரருக்கு எருமப்பட்டிப் பக்கம் காடு தோட்டம் இருக்கிறது. ஐந்து ரிக் வைத்திருக்கிறார். அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மாள் காரிலிருந்து இறங்கி நேரே வண்டிக்குப் போய், ஆள்காட்டி விரலை ஒரு கண்ணின் விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றினார்.

"தட்டுது பாருங்க. இங்க தட்டுது. இங்கயும் தட்டுது." என் மகளைப் பார்த்துத் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, எங்க விசிட்டிங் கார்டுல இருக்கற மயிலு நல்லா முழிச்சுப் பாக்குது. இது என்னமோ கொத்துன அம்மிக்கல்லாட்டம் இருக்குது?"

"உடு. ரோட்டுல போறப்ப ஆரு எறங்கி நின்னு எண்ணப் போறாங்க?" என்றார் கணவர்.

"இதா, இந்த ஐயா எண்ணிக்கிட்டுத்தான நிக்கறாரு!"

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

வண்டி காத்திருக்க முடியாது. சத்தீஸ்கரில் யாருடைய நிலத்திலோ நாள் குறித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அந்த மயிலோடே கிளம்பிப் போயிற்று. எட்டு மூலைக் கண்களோடு இரண்டு மாநிலம் தாண்டி அது போவதை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. மீதி நான்கு வண்டிகள் வெள்ளிக்கிழமை காலை புறப்பட வேண்டும்.

அவர்கள் போனபிறகு மகள் என்னிடம் வந்தாள்.

"மெஷினாங்கப்பா, இல்ல உங்க புரோகிராமா?"

"பாக்கறேன் சாமி."

"பாக்கறேன்னு சொன்னாப் பத்தாதுங்க. நாலு வண்டி, ரெண்டு பக்கம். எட்டு மயிலு வெயாழக்கெழம பொழுதுக்குள்ள ஒட்டியாகோணும். ஈரோட்டுல வேற சாஃப்ட்வேர் விக்கறவர வெயாழக்கெழம அஞ்சு மணிக்கு வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள உங்களுது சரியாச்சுன்னா அதுவே இருக்கட்டும். இல்லீன்னா உங்களுத எடுத்துட்டு அவருதப் போட்டுருவேன். அப்பறம் கோவிச்சுக்கிட்டு ஊட்டுலயே உக்காந்துக்கக் கூடாது."

கோபம் இல்லை என்றேன். அது பொய். இருந்த கோபம் மகள்மீது இல்லை என்பது மட்டும் உண்மை. தப்பு என்னுடையது என்று எட்டு என்ற எண்ணைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெட்டும் மெஷினுக்கு வளைவு என்றால் என்னவென்று தெரியாது. அதன் கத்தி ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேராகத்தான் போகும். வளைவைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைத்துக் கொடுப்பது மென்பொருளின் வேலை. நான் எழுதிய முறை இது: வளைவின் இரண்டு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார். கோட்டிலிருந்து வளைவு எவ்வளவு விலகிப் புடைத்திருக்கிறது என்று அள. பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் வளைவைப் பாதியாக்கு. ஒவ்வொரு பாதியிலும் இதையே திரும்பச் செய். வட்டம் என்பது நான்கு வளைவுகள். ஒவ்வொன்றையும் ஒருமுறை பாதியாக்கினால் எட்டு, இன்னொரு முறை பாதியாக்கினால் பதினாறு. பாதியாக்கிக்கொண்டே போகும் மென்பொருள் வட்டத்தில் ஏழு மூலை வைக்காது, பத்தும் வைக்காது. எட்டு என்பது என் கைரேகை.

அன்று மதியம் வீட்டில், மென்பொருளில் அந்தப் பகுதியைத் திறந்தேன். சொந்த எழுத்தைப் பதினொரு வருடம் கழித்துப் படிப்பது, அடைத்து வைத்த டிபன் கேரியரை ஊரிலிருந்து வந்து திறப்பது போன்றது. ஒரே பகுதியில் முந்நூற்று நாற்பது வரிகள். 'பிறகு பார்க்கவும்' என்று எனக்கு நானே எழுதிவைத்த குறிப்பு பதினேழு இடங்களில். ஒன்றைக்கூட நான் பிறகு பார்க்கவில்லை. அதில் ஒன்பதாவது குறிப்பு, பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று எழுதிய வரிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அந்த மில்லிமீட்டர் எதன் மேல் அளக்கப்பட்டது? வரைபடத்தின் மேல். வெட்டப்போகும் அளவின் மேல் அல்ல. வளைவை முதலில் உடைத்துவிட்டு, உடைந்த கோடுகளைப் பிறகு பெரிதாக்கினேன். கோட்டைப் பெரிதாக்கினால் கோடு பெரிதாகும், மூலையும் பெரிதாகும். புதிதாக ஒரு புள்ளி முளைக்காது.

படத்தை வெட்டும் அளவிலேயே வரைந்திருந்தால் தவறு வெளியே வந்திருக்காது. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி வரைவதில்லை. ரிக்கோ லாரியோ வைத்திருப்பவர் ஸ்டிக்கர் வேண்டுமென்றால் சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுவார். 'இதையே பெருசாப் போட்டுருங்க' என்பார். கார்டையும் என் மகள்தான் அச்சடித்துக் கொடுத்திருப்பாள். ஆகவே கார்டுக்கு வரைந்ததுதான் எல்லாவற்றுக்கும் வரைந்தது. பில் புத்தகத்துக்கு அது, டிரைவர் சட்டைக்கு அது, தண்ணீர்த் தொட்டிக்கும் அதுவே. கார்டில் மயிலின் அகலம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். வண்டியில் இரண்டு அடி. இருபத்தெட்டு மடங்கு. கார்டில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல் என்றால் வண்டியில் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த அம்மாளின் விரலில் தட்டியது அதுதான்.

நான் மேட்டூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவன். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். அதில் அளவு விகிதம் எழுத வேண்டும். ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு இருபது, ஏதாவது ஒன்று. அது இல்லாத தாளை நான் கையில் வாங்கமாட்டேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அதை மறந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஒரு வருடம் அப்படித் திருப்பியவை அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று தாள்களைத் திருப்பியவன், சொந்தமாக எழுதிய ஒரே மென்பொருளில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான். அந்தக் கணினித் திரையில் காறி உமிழலாம் போல இருந்தது. துடைக்க வேண்டியவனும் நான்தான் என்பதால் விட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் உறுத்தியது. பதினொரு வருடமாக இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

கடையில் ஒரு அம்மாள் வேலை செய்கிறார். குமாரபாளையத்துத் தறிக் குடும்பம், திருமணமாகி இங்கே வந்தவர். மெஷின் வெட்டிய தாளிலிருந்து வேண்டாத பகுதியை உரித்தெடுத்து, வேண்டியதை வண்டியில் ஒட்டுவது அவர் வேலை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழப்பாடி போயிருந்தார், எட்டு நாள் விடுப்பு. அவர் இல்லாததால் சனிக்கிழமை மயிலை மகளே உரித்து ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை அவருக்குப் போன் செய்தேன். பின்னால் மேளச்சத்தம்.

"வட்டமெல்லாம் மூலையா வருதே, நீ பார்த்ததில்லையாம்மா?"

"பாக்காம என்னங்கய்யா? பெருசாப் போட்டா அப்புடித்தானுங்களே வரும். நான் உரிக்கறதுக்கு முந்தி பிளேடு முனையில ஒரு சுத்து சுத்தி உட்டுருவனுங்க."

"எல்லா வட்டத்துக்குமா?"

"வட்டம், அப்பறம் எழுத்துல வர்ற வளைவு, மயில் கழுத்து, மாட்டுக் கொம்பு. மெஷினுக்கு அவ்வளவுதான் வரும்னு நெனச்சேனுங்க. ஏனுங்கய்யா, அது தப்புங்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அத எழுதுனவருங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு உட்டுட்டனுங்க."

போனை வைத்துவிட்டேன். இதை எழுதவே கூசுகிறது. மதியம் வீடு திரும்பும்போது பஸ் நிலையத்தின் எதிரில் பத்து நிமிடம் நிற்பது என் வழக்கம். எங்கள் கடை ஸ்டிக்கர் ஒட்டிய லாரி வந்தால் அதன் எழுத்துகளைப் பார்ப்பேன். 'ழ'வின் சுழி எவ்வளவு சீராகத் திரும்புகிறது, 'ஐ'யின் வயிறு எவ்வளவு வழவழப்பாக இறங்குகிறது என்று பார்த்து உள்ளுக்குள் மகிழ்ந்துகொள்வேன். மேட்டூரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் வந்தபோது அவரையும் இழுத்துப் போய் நிறுத்தி, இது என் வேலை என்று காட்டியிருக்கிறேன். நான் காட்டியது அத்தனையும் அந்த அம்மாளின் பிளேடு. என் வேலை என்னவோ அது குப்பைத் தொட்டியில், மூலை மூலையாக, செதுக்கித் தள்ளிய துண்டுகளாகக் கிடந்திருக்கிறது.

அந்தக் கடுப்பில் செவ்வாய்க்கிழமை ஒரு மடத்தனம் செய்தேன். விகிதத்தை யோசிக்காமல், அனுமதித்த விலகலை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் மூலை தெரியாதல்லவா? மாற்றியதைக் கடைக் கணினியில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்று ஒரு பள்ளிக்கூடப் பஸ்ஸின் பெயர் வெட்ட வேண்டியிருந்தது. அந்தப் படம் மட்டும் வெட்டும் அளவிலேயே வரைந்தது, ஓர் எழுத்து ஓரடி உயரம். கத்தி இறங்கியதும் மெஷின் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வட்டத்துக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு கோடுகள். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கத்தி அடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் நின்று நின்று போனது. நின்ற இடமெல்லாம் ஸ்டிக்கர் சுருங்கிக் கிழிந்தது. மகள் மெஷினை நிறுத்திவிட்டுக் கிழிந்த தாளை என் மடியில் போட்டாள்.

"மொதல்ல வட்டம் போச்சு. இப்ப எழுத்தே போச்சு. நாளைக்கு என்னங்கப்பா போகும், மெஷினா?"

அந்த ஸ்டிக்கர் தாளின் பின்பக்கத்துப் பசை வாடை எனக்கு எப்போதுமே ஆகாது. அன்று மாலைவரை வேட்டியில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது. கிழிந்த துண்டுகள் காலில் நான்கு, முழங்கையில் ஒன்று, ஒன்று எப்படியோ காதுக்குப் பின்னால்.

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சரியான வழி எளிது. வெட்டப்போகும் அளவில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல் போதும், கண்ணுக்கும் விரலுக்கும் அதைவிடச் சின்னது தெரியாது. அப்படியானால் வரைபடத்தில் அனுமதிக்கும் விலகல் என்ன? பத்தில் ஒரு மில்லிமீட்டரை, பெரிதாக்கும் மடங்கால் வகுத்தது. இருபத்தெட்டு மடங்கு என்றால் இருபத்தெட்டில் ஒரு பங்கு. பெரிதாக்காத படத்துக்கு வகுப்பது ஒன்றால், எதுவும் மாறாது. பஸ் எழுத்தும் தப்பிக்கும், மயிலும் தப்பிக்கும். மொத்த மாற்றம் ஒரு வரி. ஒரே ஒரு வகுத்தல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு.

கடையில் ஒரு கண்ணை மட்டும் வெட்டிப் பார்த்தோம். அறுபத்து நான்கு கோடுகள். பூதக்கண்ணாடி இல்லாமல் என்னால் எண்ண முடியவில்லை, எண்ண முடியாததற்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். மகள் விரலால் சுற்றிப் பார்த்தாள். தட்டவில்லை. பஸ் பெயரை மறுபடி வெட்டினாள், மெஷின் சத்தமில்லாமல் போயிற்று. இடதுபக்கத்து மயில்கள் நான்கையும் மதியத்துக்குள் வெட்டி முடித்துவிட்டாள்.

"அவ்வளவுதானுங்களாப்பா? ஒரு வரிதானுங்களா?"

"ஒரு வரிதான்."

"இதுக்குப் பதினொரு வருசமா?"

வலதுபக்கத்தை நாளை வெட்டிக்கொள்ளலாம், இன்று கோழிப்பண்ணைக்காரர் வேலை இருக்கிறது என்றாள். சரி என்றேன். அந்தச் சரியைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வண்டிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். வாழப்பாடியிலிருந்து ஒட்டுகிற அம்மாளும் திரும்பியிருந்தார். நான்கு ரிக்குகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. நானும் அன்று ஒன்றரைக்கு வீட்டுக்குப் போகவில்லை. இடதுபக்கத்து மயில் முதல் வண்டியில் ஏறியதும் வண்டிக்காரர் மனைவி விரலை வைத்துச் சுற்றினார். அடுத்த கண், அதற்கடுத்த கண். ஒன்பதையும் சுற்றிவிட்டு, "ம்ம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி வலதுபக்கம். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வண்டியில் ஒட்டுகிற மயிலோ காளையோ குதிரையோ, இரண்டு பக்கமும் வண்டி போகிற திசையைப் பார்த்தே நிற்க வேண்டும். ஒரே படத்தை இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒரு பக்கத்து மயில் பின்னால் பார்க்கும். பின்னால் பார்க்கிற மயிலோடு போன ரிக்குக்குத் தண்ணீர் கிடைக்காது, போன வழியே திரும்பிவிடும் என்பார்கள். அதனால் வலதுபக்கத்துக்குப் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட வேண்டும். இதற்கென்றே என் மென்பொருளில் 'மறுபக்கம்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன்.

மகள் அதை அழுத்தினாள். வெட்டு என்றாள்.

மெஷின் அசையவில்லை. திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. லட்சம் தாண்டியது. பத்து லட்சம் தாண்டியது. நாங்கள் ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்க, மயிலு தூங்கிப்போச்சுங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"இல்லீங்க, முட்டை வெக்குது போல," என்றார் அவர் மனைவி.

ஏழாவது நிமிடம் எண்ணிக்கை நின்றது. ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு. அதன்பின் கணினியும் உறைந்துவிட்டது. சுவரில் மணி இரண்டு ஐம்பது. ஈரோட்டுக்காரர் வர இரண்டு மணி பத்து நிமிடம் இருந்தது.

மகள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. ஒட்டுகிற அம்மாளைப் பார்த்தாள்.

"அக்கா, நேத்து மாத்துனத எடுத்துட்டுப் பழையபடியே வெட்டித் தந்தா, செதுக்கிருவீங்களா?"

"செதுக்கலாமுங்க. நாலு மயிலு, முப்பத்தாறு கண்ணு. இருட்டறதுக்குள்ள ஆயிருமுங்க."

முப்பத்தாறு கண்கள், இருநூற்று எண்பத்தெட்டு மூலைகள். கண்கள் மட்டும். கழுத்தும் கொண்டையும் கணக்கில் இல்லை.

"இருபது நிமிஷம் குடு சாமி," என்றேன்.

"இருவதுதானுங்கப்பா. மூணு பத்துக்கு அக்கா பிளேடு எடுத்துருவாங்க."

உள்ளே இருந்த இன்னொரு கணினியின் முன் உட்கார்ந்தேன். நேற்று சரியாக வெட்டியது இன்று ஏன் வெட்டவில்லை? படம் அதே. மடங்கு அதே. வரி அதே. வெளியே வண்டிக்காரர் மனைவி ஒட்டுகிற அம்மாளிடம் பேசுவது கேட்டது.

"அக்கட்ட பாக்கற மயிலு நல்லா வருது. இக்கட்ட பாக்கச் சொன்னாத்தான் மொரண்டு புடிக்குது. என்ன கெரகமோ!"

கோடியைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தவன் அங்கே நிமிர்ந்தேன். மயிலில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வளைவுகள். அந்தப் பெரிய எண்ணை இருநூற்றுப் பன்னிரண்டால் வகுத்தேன். மீதியில்லாமல் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு வந்தது. அது இரண்டைப் பதினாறு முறை பெருக்கினால் வருவது. பதினாறு முறைக்கு மேல் எந்த வளைவையும் பாதியாக்காதே என்று நானே ஒரு எல்லை வைத்திருந்தேன். அப்படியானால் எல்லா வளைவும் எல்லைவரை போயிருக்கிறது. ஒன்றுகூட, கிட்டத்தட்ட நேராக இருக்கும் அலகுகூட, போதும் என்று நிற்கவில்லை.

'மறுபக்கம்' பொத்தான் படத்தை எப்படித் திருப்புகிறது? அகலத்தை மைனஸ் ஒன்றால் பெருக்கி. பெரிதாக்கும் மடங்கு இருபத்தெட்டு அல்ல, மைனஸ் இருபத்தெட்டு. நேற்று நான் எழுதிய மேதாவித்தனமான வரி பத்தில் ஒரு மில்லிமீட்டரை மைனஸ் இருபத்தெட்டால் வகுத்திருக்கிறது. அனுமதித்த விலகல் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. எந்தக் கோடும் எந்த வளைவுக்கும் பூஜ்யத்தைவிட அருகில் போக முடியாது. நான் அந்த மெஷினிடம் ஒன்றுமில்லாததைவிடக் குறைவாகத் தப்புச் செய் என்று கேட்டிருக்கிறேன். அதுவும் முடிந்தவரை பாதியாக்கிப் பார்த்தது, பாவம்.

திசையை மயிலுக்கு விட்டுவிட்டு, வகுப்பதற்கு மட்டும் குறியில்லாத எண்ணை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதே வரி, கூட ஒரு சொல். அவ்வளவு பெரிய கேவலத்துக்கு அவ்வளவு சின்ன மருந்து. முடித்து எழுந்தபோது மணி மூன்று ஏழு.

மகள் அதைக் கடைக் கணினியில் போட்டாள். மறுபக்கம். வெட்டு. இரண்டு விநாடி. கத்தி இறங்கி ஓடத் தொடங்கியது. முதல் மயில் வெளியே வந்ததும் ஒட்டுகிற அம்மாள் வழக்கப்படி பிளேடை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு கண்ணைச் சுற்றிப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். பிளேடை மடித்து மேஜையில் வைத்தார்.

"இதுல எனக்கு வேலையில்லீங்கய்யா."

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, மனம் வருந்திச் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு வருடம் என் தவறைத் தன் கையால் மூடி மறைத்தவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "மூலை வந்தா இனி எங்கிட்ட சொல்லு" என்றுதான் வாயில் வந்தது.

"சொல்றனுங்க. சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"அவரு கோவிச்சுக்குவாரு. நீங்க சொல்லுங்கக்கா," என்றாள் மகள்.

நாலே முக்காலுக்கு வலதுபக்கத்து மயில்கள் நான்கும் ஏறிவிட்டன. வண்டிக்காரர் மனைவி நான்கு வண்டியையும் சுற்றி வந்தார். எட்டு மயில், எழுபத்திரண்டு கண்கள். அத்தனையையும் விரலால் சுற்றிப் பார்த்தார். அந்த அம்மாளை மேட்டூரில் எனக்குக் கீழே வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று நினைத்தேன்.

கடைசிக் கண்ணிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார். "இதெல்லாஞ் சரி. திங்கக்கெழம போன அந்த மொத வண்டி?"

"அது திரும்பி வர ஆறு மாசம் ஆகும்," என்றார் கணவர். "வந்தப்பறம் பாத்துக்கலாம்."

"ஆறு மாசத்துக்கு அந்த அம்மிக்கல்லுதானா?"

"அங்க ஆருக்குத் தெரியப் போகுது? அங்கத்த மயிலே அப்புடித்தான்னு நெனச்சுக்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஈரோட்டுக்காரர் வந்தார். நல்ல சட்டை, தோளில் மடிக்கணினிப் பை. மகள் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, வேலை முடிந்துவிட்டது, இப்போதைக்குத் தேவைப்படாது என்றாள். அவர் கோபப்படவில்லை. ரோட்டில் நின்ற மயிலை ஒரு பார்வை பார்த்தார், நன்றாக வந்திருக்கிறது, எந்த சாஃப்ட்வேர் என்றார். மகள் என்னைக் கைகாட்டினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அவள் அதைக் கிழித்துப் போடவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில், தெரிகிற இடத்தில் செருகி வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பத்து மணிக்கு நான் போய் உட்காரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். அதற்குத்தான் அங்கே வைத்திருக்கிறாள். அந்தக் கார்டிலும் ஒரு வட்டம் உண்டு. பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த அளவில் ஒன்றும் தெரியாது.

முதல் வண்டிக்கு உரிய இரண்டு மயில்களையும் மறுநாளே வெட்டி வாங்கிக்கொண்டேன். சுருட்டி, நூல் கட்டி, கடை அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், பதினெட்டு கண்கள். நூற்று நாற்பத்து நான்கு மூலைகள் சத்தீஸ்கரில் எங்கோ ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருக்கின்றன. இன்றோடு தொண்ணூற்றொரு நாள் ஆகிறது. அது வந்து நின்றதும் பழைய மயில்களைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும், அது ஒட்டுகிற அம்மாளின் வேலை. அன்று மட்டும் பிளேடை நான் கேட்டு வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.